கல்லறை என்று ஊர் நினைத்த வீடு

அன்புள்ள அண்ணா,

நீ அந்தச் சின்ன வீட்டைக் கட்டியது இருப்பதற்கா, போவதற்கா?

எனக்குப் பதில் தெரியாது. ஒரு வருடமாக யோசித்தும் தெரியவில்லை. பாதி வாழ்க்கையைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தே கழித்தவள் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. அண்ணி இதைக் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல் வாயில் வருவதில்லை. அதனால் உன்னிடமே கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ பதில் எழுதமாட்டாய். உயிரோடு இருந்தபோதும் நீ யாருக்கும் எழுதியதில்லை.

உன்னை 'நீ' என்று எழுதுவதைப் பார்த்தால் அண்ணி இப்போதும் முகம் சுளிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில், "அண்ணனைப் போயி நீண்ணா சொல்லுகது?" என்று கேட்டவர். நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்று நீதான் சிரித்துச் சமாளித்தாய்.

முந்தாநாள் திருவனந்தபுரத்திலிருந்து வந்தேன். பாறசாலையில் உன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் சின்ன வீட்டின் ஓட்டுக்கூரை தெரிகிறது. அதன்மேல் பலா இலைகள் விழுந்து மக்கிக் கிடக்கின்றன. ஒரு வருடமாக யாரும் கூட்டித் தள்ளவில்லை. அதற்கு நாலு எட்டு தெற்கே அப்பா, அம்மா, நீ.

சனிக்கிழமை உனக்கு ஓராண்டு நினைவு ஜெபம். பந்தல்காரர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக் காலையில் கொத்தனார் ராஜய்யன் ஆள்களோடு வருகிறார், சின்ன வீட்டை இடிப்பதற்கு. அண்ணிதான் வரச்சொல்லியிருக்கிறார். இடிக்கலாமா கூடாதா என்று நான் இன்று சொல்லியாக வேண்டும். அது நிற்பது என் பங்கு மண்ணில் அல்லவா?

நீ அந்த மண்ணைக் கேட்டது நினைவிருக்கிறதா? அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றிருந்தாய். அபுதாபியிலிருந்து உன் மகன் இந்த மாடிவீட்டைக் கட்டி முடித்திருந்தான். பளபளப்பான தரை, கீழே இரண்டு படுக்கையறை, மேலே இரண்டு, யாரும் உட்காராத ஒரு பெரிய சோபா. குடிவந்து சில மாதம்கூட ஆகவில்லை, எனக்குப் போன் செய்தாய்.

"சுஜா, ஒனக்க பங்குல, அந்தத் தெக்கு மூலையில, கொஞ்சம் இடம் தருவியா?"

"எதுக்கு?"

"ஒரு முறி கெட்டணும். செறுசா."

"நாலு முறி இருக்கே உனக்கு."

"அது அவனுக்க வீடு. இது எனக்கு."

கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அறை கட்டும் ஆசை ஓய்வுபெற்றவர்களுக்கு வருவதுதானே என்று நினைத்தேன்.

அடித்தளத்துக்குக் கருங்கல் இறங்கியதும் ஊர் வேறு மாதிரி நினைத்தது. நம் பக்கத்தில் அப்படி நினைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சொந்த மண்ணில், பெற்றவர்களை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில், உயிரோடிருக்கும்போதே தனக்குக் கல்லறை கட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இங்கே உண்டு. பெயரைப் பொறித்துத் தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நீ தோண்டியது கல்லறைகளை ஒட்டி. எட்டடி நீளம், ஆறடி அகலம். வீட்டுக்கு வைக்கிற ஜெபமும் வைக்கவில்லை, பால் காய்ச்சப்போவதாக யாரிடமும் சொல்லவுமில்லை. வேறென்ன நினைப்பார்கள்?

சபையின் மூப்பர், நம் செல்லையன் சித்தப்பா, சுவர் எழும்பத் தொடங்கியதும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாராம். அந்தக் காட்சியை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்.

"எலே தங்கராஜ், எனக்க வயசு என்னாண்ணு தெரியுமா?"

"எண்பது இருக்கும் சித்தப்பா."

"நானே இன்னும் கல்லு இறக்கல்ல. ஒனக்கு என்னலே இம்புட்டு அவசரம்?"

"சித்தப்பா, இது வீடாக்கும்."

"வீடா? ஒரு ஜன்னலுக்குத்தானலே எடம் விட்டிருக்கே?"

"கல்லறைண்ணா ஒண்ணுகூட விடமாட்டாவளே."

சித்தப்பா நம்பவில்லை. போகிற வழியெல்லாம் 'மக்கா, தங்கராஜுக்கு என்னமோ சொகக்கேடு' என்று சொல்லிக்கொண்டே போனார். மறுநாள் இரண்டு பெண்கள் பழம் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தார்கள். நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்ட் மூட்டை சுமந்துகொண்டிருந்தாய்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. அன்று அவர் என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியாது. எனக்கே நேற்றுதான் தெரியும். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் கல்லறைண்ணுதான் நெனச்சேன் சுஜா. அவரு கடைக்குப் போன நேரம் பாத்து அங்க போனேன். ரெண்டு பேருக்கு இடம் உண்டாண்ணு கையை விரிச்சு அளந்து பாத்தேன்."

"அண்ணி..."

"ஒருத்தருக்குள்ள இடம்தான் உண்டு. நடுவுல செவரு வச்சா ரெண்டு பேரும் ஒடுங்கித்தான் கெடக்கணும். செரி, நான் சபைக் கல்லறைத் தோட்டத்துல கெடந்துக்கிடலாம்ணு நெனச்சேன். பொறவுதான் அது வீடுண்ணு சொன்னாவ. வீட்டுலயும் எனக்கு இடம் இல்ல."

தேங்காய்ச் சிரட்டையில் துருவ ஒன்றும் மிச்சமில்லை. அவர் துருவிக்கொண்டேயிருந்தார்.

அண்ணா, நீ அவரை ஒருமுறைகூட உள்ளே கூப்பிடவில்லையாமே. உண்மையா?

மணிக்கயிற்றைப் பற்றி எனக்குத் தெரியும். பணிமனையில் கழித்துப்போட்ட பேருந்திலிருந்து ஒரு மணியை வாங்கிவந்து சின்ன வீட்டின் உத்தரத்தில் மாட்டினாய். கயிற்றைப் பலாமரக் கிளை வழியாக இழுத்து இங்கே சமையலறை ஜன்னலில் கட்டினாய். சாப்பாட்டுக்கோ சாயாவுக்கோ அண்ணி ஒரு மணி அடித்தால் நீ இறங்கி வருவாய். ஒரு மணி என்றால் நிறுத்தம். இரட்டை மணி என்றால் வண்டியை எடுக்கலாம். வாழ்நாளெல்லாம் நடத்துநர்களின் மணிக்குப் பழகியவன் வீட்டிலும் அதைத்தான் கேட்டாய். அண்ணி ஒற்றை மணி மட்டும்தான் அடித்தார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, "எனக்கு இரட்டை மணி தந்து அனுப்பக்கூடாதா?" என்று நீ கேட்டால், "போறவருக்கு மணி எதுக்கு? தானாட்டுத்தானே போறிய" என்பாராம். விளையாட்டாகத்தான் சொன்னாராம். நேற்று அப்படித்தான் சொன்னார்.

உள்ளே என்ன செய்தாய்? வயலின் கற்கிறேன் என்றாய். பாடகர் குழுவில் வாசிக்கிறவரிடம் வாரம் ஒருநாள் போய்வந்தாய். பெரிய வீட்டில் வாசித்தால் எல்லோருக்கும் தொந்தரவு என்பது நீ சொன்ன காரணம். முதல் சில மாதம் சத்தம் கேட்டதாக அண்ணி சொல்கிறார். சித்தப்பா ரோட்டில் நின்று, "எந்தப் பூனைக்க வாலைலே மிதிக்குதே?" என்று கத்துவாராம். ஒரு பாட்டுக்கும் நீ வந்துசேரவில்லை. ஸ்வரங்களில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்தான். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. நீயோ காலையும் மாலையும் அங்கே போய்க்கொண்டுதானிருந்தாய்.

"உள்ள என்னத்த செய்யுதியண்ணு ஒருநாள் கேட்டேன்" என்றார் அண்ணி. "வெறுதே இருக்கேன்ணு சொன்னாரு. வெறுதே இருக்கதுக்கு இங்க நாலு முறி உண்டே! பஸ்ஸோட்டும்போ பின்னால அம்பது பேரு இருந்தாவ. இங்க பின்னால நான் ஒருத்திதான். அதுவும் பாரமா போச்சா?"

நான் தனியாக இருப்பவள். என் குடியிருப்பில் கதவைச் சாத்தினால் முழு வீடும் ஒதுங்குமிடம்தான். யாரிடமிருந்து ஒதுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத பாடம்.

உனக்குச் சில செய்திகள். அமரவிளைப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் இப்போது ரெடிமேட் குட்டி வீடுகளை வரிசையாக நிறுத்தி விற்கிறார்கள். லாரியில் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கிவிடுவார்களாம். படம் வரைய, உடற்பயிற்சி செய்ய, சும்மா ஒதுங்கியிருக்க. ஒன்றின் முகப்பில் பூந்தொட்டிகூட மாட்டியிருக்கிறார்கள். என் துறையில் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிய வீடியோக்களைத்தான் பார்க்கிறார்கள். மடக்கிவைக்கும் மேசை, ஏணியேறிப் படுக்கும் பரண், கண்ணாடிக்கு வெளியே மழை. நானும் எட்டிப் பார்த்தேன். அந்த வீடியோக்களில் ஒன்றை மட்டும் காட்டுவதில்லை: குட்டி வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த அடுக்களையிலிருந்து சாயா வருகிறது என்பதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் பொழியூரில் கடலேறி வீடிழந்தவர்களைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து போயிருந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை நடுவில் சேலை கட்டிப் பிரித்து இரண்டு குடும்பங்கள். தலைக்குக் கணக்குப் பார்த்தால் உன் அறையைவிடச் சிறிய பங்கு. அங்கே யாரும் சின்ன இடத்தின் அழகைப் பற்றிப் பேசவில்லை. பெரிய இடம் ஒன்று முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் சின்ன இடம் இனிக்கும் போலிருக்கிறது. திரும்பும்போது பேருந்தில் உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. செத்துப்போனவன்மேல் என்ன கோபம் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் கோபத்தில் நிலைத்திருக்கவும் முடியவில்லை. ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தேன். ஒரு இருக்கை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், முழங்கை வைக்கும் இடம், தலைக்குமேல் மணி. முப்பது வருடம் நீ இருந்த வீடு அது. அங்கே நீ யாருக்கும் அண்ணனில்லை, அப்பாவில்லை, யாரும் உன் முகத்தைப் பார்ப்பதுமில்லை. பளபளப்புத் தரையும் சோபாவும் வந்தபிறகு நீ அந்த இடத்தைத்தான் தேடினாயா? அப்படியென்றால் அதை அண்ணியிடம் ஒரு வாக்கியமாகச் சொல்ல என்ன தடை?

பிறகு உன் நோய். ஒன்றரை வருடம்தான் அந்த வீட்டில் இருந்தாய். கணையத்தில் வந்த புற்றுநோய் பழையது, வெகுநாளாக உள்ளே இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பவே நான் சொன்னேனே" என்றார் சித்தப்பா. உனக்கு முன்பே தெரியும், அதனால்தான் கல்லறைப் பக்கம் இடம் பிடித்தாய் என்றார்கள். அடக்கத்தன்று குழிவெட்டியவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் சின்ன வீட்டுக்குள்தான் வைத்தார்கள். வந்த மலர்வளையங்களை அதன் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அதற்காகவே கட்டினது போல இருந்தது. அன்றிலிருந்து யாருக்கும் அது வீடு இல்லை.

நான் மட்டும் தர்க்கம் செய்துபார்க்கிறேன். போவதற்கென்று கட்டியிருந்தால் கதவை அவ்வளவு குறுகலாக வைத்திருப்பாயா? ஒரு கட்டில் அதன் வழியே உள்ளே போகாது. ஒரு சவப்பெட்டி வெளியே வராது. சாகப்போகிறவன் அந்த அளவைக்கூட யோசிக்காமலா இருப்பான்? ஆகவே இருப்பதற்குத்தான் கட்டினாய் என்று முடிவுக்கு வருவேன். உடனே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நீ சொன்னது நினைவுக்கு வரும். "எனக்க கட்டிலை அங்க போடுங்க." அண்ணி முடியாது என்றார். கதவு கொள்ளாது என்றார். ஹாலில் போட்டார்கள். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அங்கே போய்க் கிடக்க ஏன் ஆசைப்பட்டாய்? அண்ணி மறுத்தது கதவுக்காகத்தானா? இரண்டும் எனக்குத் தெரியாது.

நேற்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்கிறவர் அல்ல அவர், அது உனக்குத் தெரியும்.

"அடுக்களைல நின்னா அதுதான் பிள்ளே கண்ணுல படுகு. எனக்க கண்ணுக்கு நேர. என்னை வேண்டாம்ணு ஒரு மனுசன் கெட்டின வீடு. அதைப் பாத்துக்கிட்டே எத்தன நாளு சோறு வடிக்க? சனியாழ்ச்ச எல்லாரும் வருவாவ. மறுபடியும் அந்தக் கதையத்தான் பேசுவாவ. இடிச்சிருவோம் சுஜா. மண்ணு ஒனக்குள்ளது. நீ சொன்னா போரும்."

மகன் போனில் வேண்டாம் என்கிறான். அப்பாவின் நினைவாக இருக்கட்டும், பெயிண்ட் அடித்து வாடகைக்குக்கூட விடலாம் என்கிறான். அவன் வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவன். அந்த ஜன்னலில் நின்று சோறு வடிக்கிறவர் அண்ணி.

அதனால், அண்ணா, சரி என்று சொல்லப்போகிறேன். உன் பக்கம் பேச எனக்கு ஆசைதான். எதை வைத்துப் பேசுவது? நீ ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. இருக்கிறவரின் நிம்மதி பெரிது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். இடிந்தாலும் நின்றாலும், யாராவது அதைக் கல்லறை என்று சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். அது வீடு என்று திருத்துவேன். மூப்பராக இருந்தாலும் சரி.

*

மறுநாள் மாலை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ராஜய்யன் இரண்டு ஆள்களோடு காலையிலேயே வந்தார். "டீச்சரே, சாமானெல்லாம் வெளிய எடுத்துத் தாங்க" என்றார். நான் போகக் கிளம்பினேன். அண்ணி, "நான் எடுக்கேன்" என்று எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார். முதல்முறையாக.

வெகுநேரம் ஆகியும் சாமான் எதுவும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வயலின் பெட்டி, ஒரு மண்கூஜா, போன வருடத்துக் காலண்டர். உன் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் வேறு நாற்காலி இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அந்த இருக்கையிலிருந்து தெரிவது சமையலறை ஜன்னலும் துணி துவைக்கும் கல்லும்தான். வேறு ஒன்றும் தெரியவில்லை.

"ராஜய்யா," என்று அண்ணி உள்ளேயிருந்தே கூப்பிட்டார். "ஜன்னல இங்க வைக்கணும்ணு அவரு சொன்னாரா?"

ராஜய்யன் யோசித்தார். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"அப்பிடி ஒண்ணும் சொல்லல்ல சேச்சி. தெக்க கல்லற, மேக்க மதிலு, வடக்க கதவு. ஜன்னலுக்குக் கெழக்கு மட்டும்தான் பாக்கி."

"செரி" என்றார் அண்ணி. அழவில்லை. இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே இருந்தார். ஆள்கள் பீடி பற்றவைத்தார்கள். பிறகு எழுந்து வந்து, கதவில் கைவைத்து நின்றுகொண்டு சொன்னார்.

"இத மட்டும் எடுத்துரு."

"எத, கதவையா?"

"ஆமா. மத்தது நிக்கட்டும்."

"கதவில்லாட்டி நாயும் கோழியும் ஏறுமே சேச்சி."

"ஏறட்டும்."

கதவைக் கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் விறகுப்புரையில் சாத்திவைத்தார்கள். ஒருநாள் கூலிக்கு வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நாலு மணிக்குச் சாயா போட அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். நான் மேசையில் இருந்தேன். ஜன்னலில் உன் கயிறு இன்னும் கட்டியபடியே இருக்கிறது, நைந்துபோய். ஒரு வருடமாக அதை யாரும் தொடவில்லை. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அதை ஒருமுறை இழுத்தார். கதவில்லாததால் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சாயா கொதித்துப் பொங்கும்வரை ஜன்னலில் நின்றார். அடுப்பை அணைத்தார். பிறகு இரண்டுமுறை இழுத்தார்.

உன் தங்கை,
சுஜா